ஞானத்தாய்க்குச் சான்றிதழ் உண்டா?

“வழக்கமாக எந்த இடத்தில் உட்காருவீர்கள், மதாம்?”

கேட்டவர் எங்கள் வட்டாரக் கத்தோலிக்கக் கோவிலின் சாமியார், அதாவது பங்குத்தந்தை. கொங்கோ நாட்டுக்காரர். என் மகனைவிட இளையவர். கையில் பேனா, எதிரே ஒரு வெள்ளைத்தாள். அந்தத் தாளில் எனக்கு இரண்டே வரி வேண்டும்.

“வலது பக்கம்... தூணுக்குப் பின்னால்” என்றேன்.

“ஓ, அதனால்தான் நான் உங்களைப் பார்த்ததில்லை.” பேனாவைத் திறந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு மறுபடியும் மூடினார். “ஆனால் எங்கள் கோவிலில் தூணே கிடையாதே, மதாம்.”

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில், எதிரே நிற்பவர் கதை விடுகிறார் என்பதை நான் மூன்றாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இந்தச் சாமியாருக்கு முதல் வாக்கியமே போதுமாயிருந்தது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டும் உங்களுக்குத் தெரியும் — நான் புதுச்சேரியில் பிறந்து, இங்கே பாரிஸில் ஒரு மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, திருமணப் பத்திரங்களோடு குடித்தனம் நடத்தி ரிட்டையர் ஆனவள். எந்தத் தாளோடு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று கேட்டு என்னைத் தெருவில் நிறுத்துவார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நான் கறிவேப்பிலை வாங்கி முடிப்பதற்குள் ஒரு குடியுரிமை விண்ணப்பமும் இரண்டு விசாவும் தீர்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு தாள் இல்லை.

என்ன தாள்? ‘இவர் ஒழுங்காகப் பூசைக்கு வரும் கத்தோலிக்கர்’ என்கிற தாள். யார் கேட்டது? அதற்கு ஜெசிந்தாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையின் மன்னார்க் கரையில் ஓர் ஏழைப் பங்கு, அதாவது ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த ஊரும். மீன்பிடிக் குடும்பங்கள். இங்கே புதுச்சேரிக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருக்கிறோம். எல்லோரும் கத்தோலிக்கர்கள். ‘நம் வேதத்துப் பிள்ளைகளை நாமே பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்?’ என்று தொடங்கியது. ஆளுக்கொரு பிள்ளையின் படிப்புச் செலவு. எனக்கு வாய்த்தவள் ஜெசிந்தா. ஏழு வயதில் என் பொறுப்புக்கு வந்தாள். இப்போது பதினான்கு.

சங்கத்தின் விதிகளை எழுதியது யார் என்று கேட்க வேண்டுமா? மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை ஞாயிறு பூசைக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் ஒழுங்காக வருகிறது என்று அந்தப் பங்குத்தந்தை ஆண்டுதோறும் சான்றிதழ் தர வேண்டும். கையெழுத்து, முத்திரையுடன்.

ஒரு வருடம் முத்திரை மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். பாவம், அங்கே ஃபாதர் புது மை வாங்கி மறுபடியும் குத்தி அனுப்பினார். தெளிவாக இருந்தது. கோப்பில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஜெசிந்தாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“அன்ரி, எங்கட கோவிலுக்கு ஆயர் வாறார். எனக்கு உறுதிப்பூசுதல். நீங்கள் என்ர ஞானத்தாயா நிப்பியளோ? இஞ்சை வரேலாட்டியும் பரவாயில்லையாம், உங்களுக்குப் பதிலா மறைக்கல்வி ரீச்சர் பக்கத்திலை நிப்பாவாம். ஆனா ஞானத்தாய் எண்டு எழுதிறது உங்கட பேர்தான். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

நம் வேதத்தில் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கைக்குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது குழந்தையை யாரும் கேட்பதில்லை. வளர்ந்த பிறகு அது தன் வாயாலேயே ‘ஆம், இது என் விசுவாசம்’ என்று சொல்கிறது. ஆயர், அதாவது பிஷப், நெற்றியில் எண்ணெய் பூசுகிறார். அதுதான் உறுதிப்பூசுதல். அப்போது பின்னால் நின்று தோளில் கை வைப்பவள் ஞானத்தாய்.

விமானம் ஏற என் முழங்கால் சம்மதிக்காது. அதனால் என்ன? பதிலாள் வைக்கத் திருச்சபைச் சட்டம் சம்மதிக்கிறதே. எனக்குத் தெரியாத நடைமுறையா? உடனே சரி என்றேன். அன்று முழுக்க என் நடையில் ஒரு மிதப்பு இருந்ததாக எதிர்வீட்டு மதாமே சொன்னாள்.

மறுநாள் மன்னாரிலிருந்து ஃபாதரின் குரல்.

“அம்மா, மெத்தச் சந்தோசம். ஒண்டே ஒண்டு. ஞானத்தாயா நிக்கிறவை ஒழுங்காப் பூசைக்குப் போறவை எண்டு அவையின்ர பங்குத்தந்தை ஒரு கடிதம் தர வேணும். கையெழுத்து, முத்திரையோட. முத்திரை தெளிவா இருந்தா நல்லது.”

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். “கடிதம் கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம்மா. உங்க டீச்சரையே ஞானத்தாயா வச்சுக்கோ.”

“வேண்டாம் அன்ரி. ரீச்சர் ஏற்கெனவே ஊரிலை பாதிப் பேருக்கு ஞானத்தாய். பேரே மாறிச் சொல்லிக் கூப்பிடுறவ. நீங்கள் இல்லையெண்டா நான் அடுத்த முறை ஆயர் வரேக்கை எடுக்கிறன்.”

“அடுத்த முறை எப்போ?”

“மூண்டு வரியம் செல்லும்.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கூடப் படித்த எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்க, இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதற்காக? பாரிஸில் ஒருத்தியிடம் ஒரு தாள் இல்லை என்பதற்காக.

சரி, ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் எங்கேதான் இருக்கிறேன்? லா ஷப்பலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குகன் கடையில். அந்த நேரத்துக்குத்தான் முருங்கைக்காய்ப் பெட்டியைத் திறப்பார்கள். கால் மணி தாமதித்தால் மிச்சமிருப்பது விறகுதான்.

குகன் யாழ்ப்பாணத்துக்காரர். சைவர். விஷயத்தைக் கேட்டதும் தராசை விட்டு நிமிர்ந்தார்.

“கடிதம்தானே வேணும் அக்கா? ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குத் தவறாமல் வாறா எண்டு நானே எழுதித் தாறன். கடையிலை முத்திரையும் இருக்கு.”

“முத்திரை தெளிவா இருக்குமா தம்பி?”

“இறக்குமதி, ஏற்றுமதி எண்டு வடிவாத் தெரியும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆள் சேர்ந்துவிட்டால் குகனை நிறுத்த முடியாது. “அங்கை அந்தப் பிள்ளை கோவிலுக்குப் போகாட்டிக் காசில்லை. இஞ்சை அக்கா போகாட்டி முருங்கைக்காய். நல்ல சட்டம்.”

“நீங்க மட்டும் என்னவாம்? ரூ பஜோல் பிள்ளையார் கோவில் நாலு எட்டு தூரம். தேர் அன்னிக்கு ஒரு தேங்காய் உடைக்கிறதோட உங்க பக்தி முடிஞ்சுபோவுது.”

“எங்கட பிள்ளையார் சான்றிதழ் கேக்கிறேல்லை அக்கா. அப்பிடி ஆளாப் பாத்துத்தான் நானும் கும்பிடுறன்.”

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் சாமியாரிடம் போனதும், தூணில் முட்டிக்கொண்டதும்.

நல்லவேளை, அவர் என்னைத் துரத்தவில்லை. “நான் பார்த்ததைத்தான் எழுதுவேன், மதாம். வாருங்கள், பார்க்கிறேன்” என்றார். இதே வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போது அது அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

போனேன். அடுத்த ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்தேன் — பார்க்கப்பட வேண்டும் அல்லவா? எழ வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன், உட்கார வேண்டிய இடத்தில் எழுந்தேன். பக்கத்தில் பூப்போட்ட தலைக்கட்டோடு இருந்த ஓர் ஆப்பிரிக்க அம்மா, ஒவ்வொரு தடவையும் என் முழங்கையைத் தொட்டுச் சரிசெய்தார். பாட்டுப் புத்தகத்தைக்கூட அவரே பக்கம் புரட்டிக் கொடுத்தார்.

வீடு திரும்பினால் போனில் ஜெசிந்தா.

“அன்ரி, இண்டைக்கு உங்கட ஃபாதர் என்ன பிரசங்கம் வைச்சவர்?”

எனக்கு மறந்தே போயிருந்தது — உலகம் முழுக்க எல்லாக் கத்தோலிக்கக் கோவில்களிலும் ஒரு ஞாயிற்றுக்கு ஒரே வாசகம்தான். மன்னாரில் அவள் காலையில் கேட்டதைத்தான் சில மணிநேரம் கழித்து நான் இங்கே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, இரவெல்லாம் வலை போட்டும் மீன் படாத கதை.

சொன்னேன். எங்கள் சாமியார் அதை மெத்ரோவோடு ஒப்பிட்டார்: வெகுநேரம் நின்றும் ரயில் வராது, வெறுத்துப்போய் படியேறியதும் கீழே அது வரும் சத்தம் கேட்கும், அதனால் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள்.

“எத்தினை நிமிசம் கதைச்சவர்?”

“பத்து.”

“எங்கட ஃபாதருக்கு அது தொடக்கம்தான். அப்பா சொன்னவர், இரா முழுக்க ஒண்டும் படேல்லையெண்டா முதல்லை வலையிலை ஓட்டையிருக்கோ எண்டு பாக்கட்டாம். அம்மா அவரைக் கிள்ளினவ.”

ஏழு வருடமாகப் பணம் அனுப்புகிறேன். ‘நலமா? நலம். படிக்கிறாயா? படிக்கிறேன்.’ எங்கள் உரையாடல் அதற்கு மேல் போனதில்லை. அவள் அப்பா இவ்வளவு வேடிக்கையான மனிதர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. நானே கேட்டேன்: “உங்க ஃபாதர் என்ன சொன்னார்?”

“அன்ரி, கோவிக்காதேங்கோ. நான் பூசைக்குப் போகேல்லை. கணக்கு ரியூசன். அந்த சேர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஞாயிறு காலமைதான் வாறவர்...” பிறகு, மெதுவாக: “நீங்கள் அனுப்பிற காசிலைதான் அன்ரி போறனான்.”

“ஃபாதருக்குத் தெரியுமா?”

“ஓம். கணக்கை விடாதை எண்டு அவர்தான் சொன்னவர். அந்தக் கிழமையிலை ஒரு நாள் காலமைப் பூசைக்கு வா எண்டவர். போறனான்.”

எழுந்து போய்க் கோப்பை எடுத்தேன். ‘ஒழுங்காக வருகிறாள்.’ ‘ஒழுங்காக வருகிறாள்.’ ஒவ்வொன்றிலும் பளிச்சென்று முத்திரை.

பிள்ளை ஞாயிறு காலை கோவிலில் இருக்க வேண்டும் என்று விதி எழுதியது யார்? நான். அதே பிள்ளை அதே ஞாயிறு காலை கணக்கு வகுப்பில் இருக்கப் பணம் கட்டியது யார்? அதுவும் நானேதான். இடையில் மாட்டிக்கொண்ட ஃபாதர் என்னதான் செய்வார்? மெரியில் இப்படியொரு சான்றிதழைப் பிடித்திருந்தால் மேலதிகாரிக்கு அனுப்பியிருப்பேன். இப்போது எனக்கு மேலதிகாரி இல்லை. கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன்.

“கணக்குல எவ்ளோ மார்க்?” என்று கேட்டேன்.

“எண்பத்தொண்டு.”

“அப்போ போ.”

ஆயர் வரும் வாரம் நெருங்கியது. சாமியார் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். அதில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்:

‘இந்த மதாமைச் சில ஞாயிறுகளாகத்தான் பார்க்கிறேன். முன்வரிசையில் உட்காருகிறார். பாட்டுத் தெரியாத இடங்களிலும் சத்தமாகப் பாடுகிறார். தொடர்ந்து வருவார் என்று நம்புகிறேன்.’

“சாமியார், ‘ஒழுங்காக’ என்ற சொல் இல்லையே?”

“அந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் ஞாயிறு தேவை, மதாம்.”

கவுண்டரில் இந்தத் தாள் வந்திருந்தால்? பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் திருப்பித் தந்திருப்பேன். ஆனால் வேறு தாள் இல்லை. படம் எடுத்து, மொழிபெயர்த்து, மன்னாருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஜெசிந்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் ஃபாதரின் குரல் வந்தது. “அம்மா, கடிதம் கிடைச்சுது. முத்திரை கொஞ்சம் மங்கல்.”

அவ்வளவுதான். பதிவு முடிந்துவிட்டது.

காப்பி ஆறிப்போனது. போன் மறுபடியும் ஒலித்தது.

“பகிடிக்குச் சொன்னனான் அம்மா. உங்கட பேரை எழுதியாச்சு. பிள்ளை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாத் திரியிறாள், ஊத்தையாக்கப் போறாள் எண்டு தாய் பின்னாலை ஓடுது.”

அந்த நாளில் என் சமையலறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். டீச்சரின் ஒரு கை ஜெசிந்தாவின் தோளில், மறு கையில் போன். ஆகவே ஆயர் எண்ணெய் பூசிய அந்தப் புனிதமான நேரத்தில் எனக்குத் தெரிந்தது கோவிலின் மின்விசிறி மட்டும். அது முடிந்ததும் திரை முழுக்க ஒரு முகம். நெற்றி பளபளத்தது.

“அன்ரி, எல்லாம் வடிவாத் தெரிஞ்சதோ?”

“எல்லாம் தெரிஞ்சுதும்மா.”

ஞானத்தாயான பிறகு நான் சொன்ன முதல் பொய்.

சங்கக் கூட்டத்தில் மூன்றாவது விதியை எடுத்துவிடலாம் என்று நானே முன்மொழிந்தேன். எல்லோரும் என் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்பதுபோல் பார்த்தார்கள். பிள்ளைகள் நம் வேதத்துப் பிள்ளைகள், அதில் மாற்றமில்லை; ஆனால் வருடா வருடம் நாம் கேட்கிற அந்தத் தாளை இங்கே இருப்பவர்களில் எத்தனை பேரால் கொண்டுவர முடியும் என்று மட்டும் கேட்டேன். பலர் திடீரென்று செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எல்லாம் சுபம். கடிதம் கொடுத்தாயிற்று, எண்ணெய் பூசியாயிற்று, இனி என்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. எனவே போன ஞாயிறு, சரியாகப் பத்து மணிக்கு, குகன் கடை. பெட்டி திறந்த வாசனை. நல்ல சதைப்பற்றான காய்களாக ஐந்தாறு பொறுக்கிவிட்டேன்.

போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

“அன்ரி, இண்டைக்கு ரியூசன் இல்லை, பூசைக்குப் போனனான். ஃபாதர் நல்லா நீட்டினவர். உங்கட ஃபாதர் என்ன சொன்னவர்?”

கடை முழுக்கக் கேட்டிருக்கும். குகன் என் கையிலிருந்த முருங்கைக்காய்களை வாங்கி, ஒரு பையில் போட்டு, தராசுக்குப் பின்னால் வைத்தார்.

“வைச்சிருக்கிறன் அக்கா. பூசைக்குப் போட்டு வாங்கோ.”

பத்து மணிப் பூசை தொடங்கியிருக்கும். சான்றிதழ் கேட்பவர்களுக்குத் தூணைக் காட்டலாம். ‘என்ன பிரசங்கம்?’ என்று கேட்பவளுக்கு எதைக் காட்டுவது?

சாயங்காலம் ஆறரைக்கும் ஒரு பூசை உண்டு. முன்வரிசையில் இடம் கிடைக்கும்.