சிவப்பு வாளித் தண்ணீர்

கரண்டியக்கா என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பதினொரு வருடமாக நகராட்சியில் கொசுப்புழு தேடும் தற்காலிக வேலை. தொட்டி, பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, எதுவானாலும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் மொண்டு பார்த்துவிடுவார். நிழல் பட்டால் புழு அடியில் போய் ஒளியும். அதனால் வெளிச்சத்தைப் பார்த்து நின்றுதான் மொள்ளுவார்.

அந்த வருடம் பதினான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் ஒன்பது பேருக்கு டெங்கு. சுகாதார அதிகாரிக்கு உட்கார்ந்த இடத்திலேயே காரணம் தெரிந்துவிட்டது: ஏழைகள், ஆகவே அழுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கு வீடு நோட்டீஸ்! கொசு சம்பளச் சீட்டைப் பார்த்துக் கடிப்பதில்லை. சட்டம்தான் பார்க்கிறது.

கரண்டியக்கா அந்த வரிசை முழுவதும் மூன்று முறை மொண்டார். ஒரு புழுகூட இல்லை. அவருடைய தங்கையும் அங்கேதான் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"ஏன்டி, இந்தக் கொசு பகல்ல கடிக்கிறது. பகல்ல நீங்கல்லாம் எங்க இருக்கீங்க?"

"தையல் கம்பெனிலதான். ஒம்பது பேரும் ஒரே ஹாலு."

"அடிப்பாவி! இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியாக்கா? வந்ததும் என் குடத்துக்குள்ள தலைய விட்டுட்ட!"

மறு நிமிடம் அக்கா தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"இங்க தண்ணியே தேங்காதும்மா. தரையப் பாருங்க, கண்ணாடி!" என்றார் கம்பெனி மேற்பார்வையாளர். உண்மைதான். அக்கா தரையை விட்டுச் சுவரைப் பார்த்தார். வரிசையாக இருபத்துநான்கு சிவப்பு வாளிகள், விளிம்பு வரை தண்ணீர். தீயணைப்புக்கு! ஒரு விரல் குறைந்தாலும் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள் என்று தினமும் மேலே ஊற்றியிருக்கிறார்கள். கொட்டிக் கழுவியதே இல்லை.

"ஐயோ, அதத் தொடாதீங்க! நெருப்பு வந்தா?"

"காய்ச்சல் வந்தாச்சே, அண்ணே!"

மொண்டார். கரண்டி முழுவதும் நெளிந்தது. இருபத்திரண்டு வாளிகளில் புழு! ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டு நேரே அதிகாரியின் மேசையில் வைத்து, ஒன்பது பேரும் வேலை செய்யும் ஹாலில் எடுத்தது என்றார்.

வாளிகளைத் தேய்த்துக் கழுவி மூடி போடும்படி கம்பெனிக்கு அப்போதே உத்தரவு போனது. "நோட்டீச ரத்து பண்ணிடலாம்," என்று முனகினார் அதிகாரி. "ஆள அனுப்பி எடுத்துடறேன்."

"நாலு பேர் பாக்க ஒட்டினீங்க. நீங்களே வந்து எடுங்க, சார்."

"உன் வேலை என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். புழு எங்க இருக்குன்னு சொல்றது."

அறையில் இருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினார்.

வியாழக்கிழமை மதியம், தெருவே திரண்டு நிற்க, அதிகாரி முதல் கதவில் இருந்த நோட்டீசை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை லேசில் விடவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பதிமூணு இருக்கு, சார்!"