பால் கிழக்கே பொங்கிய ட்ரெயிலர்

எனக்கு ஆடுகிற தரை ஆகாது. ஊஞ்சல் ஆகாது, தொங்குபாலம் ஆகாது, லிஃப்ட் நிற்கும்போது வரும் சின்னக் குலுக்கம்கூட ஆகாது. இது என் கணவருக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது. தலைச்சுற்று என்று பொதுவாக ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம், அந்த மனுசன் சில்லில் உருளுகிற வீட்டில் குடிவைத்தார்.

முழுப் பிழையும் அவருடையது என்று சொல்ல முடியாது. மார்க்கம் நகரில் கட்டிக்கொண்டிருந்த புது வீடு ஒன்றுக்குக் கையெழுத்து வைத்திருந்தோம். வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்த அப்பார்ட்மெண்டை விடுவதாக நோட்டீசும் கொடுத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில், வீடு முடிய இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும் என்று கட்டுகிறவர்கள் கையை விரித்தார்கள். மில்லிக்கனில் மச்சாள் வீடு இருந்தது. மச்சாள் என்றால் இவருடைய மூத்த சகோதரி. அங்கே பேஸ்மெண்டில் வாடகைக்கு ஆட்கள், மேலே அவர்களே ஆறு பேர். மிஞ்சியது ஹோலில் ஒரு சோபாதான்.

"நீ சோபாவில படு பிள்ளை. தம்பி அவன்ர சிநேகிதன்ர ரூமில போய் நிக்கட்டும். ஆறு கிழமைதானே" என்றார் மச்சாள்.

ஆறு கிழமைதானே! இவர் முதலில் கனடாவுக்கு வந்து, நான் நான்கு வருடம் கழித்து வந்து சேர்ந்தவள். அந்த நான்கு வருடமும் 'கொஞ்ச நாள்தானே' என்றுதான் தொடங்கியது. இனி ஒரு நாளும் வேறு வேறு கூரைக்குக் கீழே படுப்பதில்லை என்று எனக்குள் நான் முடிவெடுத்திருந்தேன். அதனால்தான், தன்னோடு வேலை செய்கிற ஒருவரின் பழைய ட்ரெயிலரை வாங்கி அக்கா வீட்டு வாசலில் விடலாமா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, யோசிக்காமல் ஓம் என்றேன். காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வகை அது. கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருந்தன.

முதல் நாள் படியில் கால் வைத்ததும் அது என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் காலை வெளியே எடுத்துவிட்டேன்.

"முதல் முதல் அப்பிடித்தான் இருக்கும். எல்லாத்தையும் இறுக்கிவிட்டா அசையாது" என்றார் இவர். அவருக்கு நம்பிக்கை எப்போதும் இப்படித்தான், கேட்காமலே வரும்.

இதற்குள் மச்சாள் ஒரு புதுப் பானையோடு வந்துவிட்டார். குடிபுகுகிற இடம் எதுவானாலும் பால் காய்ச்சாமல் அங்கே தலை சாய்க்கக் கூடாதாம். "சில்லு இருந்தா என்ன, படுக்கப்போறியள்தானே? அப்ப அது வீடுதான்" என்றார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிய வேண்டுமாம். மேற்கே வழிந்தால் வீடு நிலைக்காதாம்.

மச்சாள் வீட்டு வாசல் மேற்கே ரோட்டை நோக்கிச் சரிந்த வாசல். ட்ரெயிலரின் பின்பக்கம் வீட்டை ஒட்டி, மூக்குப் பக்கம் ரோட்டை ஒட்டி. இவர் எனக்குத் தெரியாமல் முன்னதாகவே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் மேற்கே சாய்ந்து நின்றது. பொறுக்குமா? ட்ரெயிலரின் நான்கு மூலையிலும் மடக்கி விரிக்கிற மெல்லிய இரும்புக் கால்கள் உண்டு. முன்பக்கத்துக் கால்கள் இரண்டையும் கைபிடியால் சுற்று சுற்றென்று சுற்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டார். மட்டம் வந்ததும் நிற்கவில்லை. கிழக்கே நன்றாகச் சரியும்வரை தூக்கினார்.

பால் கிழக்கே பொங்கியது. ஒரு சொட்டு மேற்கே போகவில்லை. மச்சாளுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியே பிள்ளை, ராசியான இடம்!" என்றார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மச்சாளின் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

வினை அதற்குப் பிறகுதான். இவர் அதைத் திரும்ப இறக்க மாட்டேன் என்று நின்றார். "பொங்கின மாதிரியே இருக்கட்டுமப்பா. இறக்கினா பலன் போயிடும்." களவாகப் பொங்க வைத்த பாலுக்குப் பலன் வேறு! மெல்லிய இரண்டு கால்களில் பாரம் முழுவதையும் சுமந்துகொண்டு அந்த ட்ரெயிலர் நின்றது. இவர் தும்மினால் என் கட்டில் ஆடியது. தேத்தண்ணி ஆற்றினால் கோப்பை நடந்தது. ரோட்டில் குப்பை லொறி போனால் அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. மூன்றாம் நாள் வாசல் கதவு சட்டத்தில் சிக்கிப் பூட்டவே இல்லை. நான் காலையில் வேலைக்குப் போகும்போது பஸ்சிலும் தரை ஆடுவதுபோல இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

"உம்மட தலைச்சுத்துக்கு டொக்டரிட்டப் போவமே?" என்று இவர் கேட்டார்.

"டொக்டர் வேண்டாம். உந்தக் கோதாரியை முதல் நேராக்குங்கோ. இல்லாட்டி நான் சோபாவுக்குப் போறன்" என்று கத்தினேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. இவருடைய முகம் செத்துப்போயிற்று. சோபாவுக்கு நான் போனால் இவர் சிநேகிதனின் அறைக்குப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான்கு வருடம் கடிதத்தில் குடும்பம் நடத்திய இரண்டு பேர், ஒரு இரும்புக் காலுக்காகத் திரும்பவும் பிரிவதா? அன்று எனக்கு உண்மையாகவே முடியவில்லை; ஆனாலும் சோபாவுக்குப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்வீட்டுப் பெண் ரோட்டைக் கடந்து வந்தாள். வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும், தூர இடங்களுக்கு லொறி ஓட்டுகிறவள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ட்ரெயிலரின் மூக்கை ஒரு கிழமையாக ஜன்னலால் பார்த்துப் பொறுக்க முடியாமல் போயிருக்கிறது. குனிந்து கீழே பார்த்தாள். பிறகு, இதை ஏன் இப்படித் தூக்கி வைத்திருக்கிறாய் என்று இங்கிலீசில் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் பாலின் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் தகப்பன் புது லொறி எடுத்தால் சில்லில் பியர் ஊற்றாமல் ஓட்டமாட்டார் என்றாள். ஆனால் ஊற்றி முடித்ததும் சில்லைத் துடைத்துவிடுவாராம்.

அந்த ஒரு வார்த்தை இவருக்குப் போதுமாக இருந்தது. சடங்கு முடிந்தது, இனி இறக்கலாம்.

இந்த மூலைக்கால்கள் தூக்குவதற்கு இல்லை, மட்டமாக நிற்கிற ட்ரெயிலர் ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும்தான் என்று அவள் சொன்னாள். முதலில் கால்களை எல்லாம் மேலே சுற்றி, பாரத்தைச் சில்லுகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை இறுக்கினார்கள். மூக்கடியில் இருந்த, உயர்த்தி இறக்குகிற பெரிய ஜக்கால் மட்டம் பார்த்தார்கள். பாரம் தாங்கக்கூடிய தடித்த தாங்கிகள் இரண்டை அவள் தன் கராஜிலிருந்து கொண்டுவந்து, அச்சுக்குப் பின்னால் சட்டத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். அச்சின் ஸ்பிரிங் வில்லும் டயரும்தான் கூடுதலாகத் துள்ளும் என்றாள். கடைசியாக மூலைக்கால்களுக்குக் கீழே பலகை வைத்து, நிலத்தில் முட்டி இறுகும்வரை மட்டும் சுற்றினார்கள். படிக்கு அடியிலும் ஒரு கட்டை போட்டார்கள். நான் உள்ளே இருந்து ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம், ஆ, காணும், போதும்!" என்று கத்தினேன். கதவு பூட்டிக்கொண்டது. நான் குதித்துப் பார்த்தேன். கோப்பை அதன் இடத்திலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள், ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு இருவரும் சரிந்து படுத்தோம். வெளியே யாரோ புல்லு வெட்டுகிற சத்தம். கண் அயர்ந்திருப்பேன். அடியில் ஒரு சின்ன நடுக்கம். மயிரிழை அளவுதான். நான் எழும்பிக் குந்திக்கொண்டு கத்தினேன்:

"ஆர் அசைஞ்சது?"

இவர் பயந்துபோனார். "நான்தானப்பா. கால் விறைச்சுப்போச்சு. நீட்டினனான்."

அந்த வார்த்தைகளை நான் ஐந்து வருடமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தேன். இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சொன்னேன். மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் போனதைச் சொன்னேன். அளவுக்கு மீறி ஆட்கள். ஒருத்தரும் அசையக் கூடாது என்று ஓட்டி சொல்லியிருந்தான். எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய். விளிம்பில் அவளுடைய பை. குழந்தையின் பால்மாவும் மருந்தும் அதற்குள். எனக்கு இடது கால் விறைத்துப்போய் இருந்தது. கொஞ்சமாக நீட்டினேன். அதே நேரம் வள்ளம் சரிந்தது. பை தண்ணீருக்குள் போய்விட்டது. "ஆர் அசைஞ்சது, ஆர் அசைஞ்சது" என்று ஓட்டி ஏசினான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. குழந்தை அழுதது. பிறகு அழாமல் கிடந்தது. கரையில் அவர்களை வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வள்ளம் சரிஞ்சது உம்மால இருக்காது. அலையால இருக்கும்" என்றார் இவர்.

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் அங்க இருந்தனீங்களோ?"

அவரும் எழும்பிப் பக்கத்தில் குந்திக்கொண்டார். "கால் விறைச்சா ஆரும் நீட்டத்தான் செய்வினம்" என்றார். அதற்கு மேல் பொய் ஆறுதல் சொல்லாமல் விட்டதற்காக அந்த மனுசனை நான் அன்றைக்கு நேசித்ததுபோல் என்றைக்கும் நேசித்ததில்லை.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொன்றையும் அறிவித்துவிட்டுத்தான் செய்தார். "நான்தான், எழும்புறன்." "நான்தான், தண்ணி குடிக்கப்போறன்." "நான்தான், சப்பாத்துப் போடுறன்." மச்சாள் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னடா தம்பி, விசரோ? ஆரோட கதைக்கிறாய்?" என்று சிரிப்பார். தாங்கிகளும் கட்டைகளும் போக மிஞ்சியிருந்த அந்தச் சின்ன அசைவு, யாருடையது என்று தெரிந்ததும் எனக்கு வெறும் அசைவாகிவிட்டது.

ஆறு கிழமை எட்டுக் கிழமையாயிற்று. புது வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கைக்கு வருவதற்கு முதல் நாள் காலை, நான் சட்டி பானைகளைப் பெட்டியில் அடுக்கி முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். இவர் இன்னும் கண் திறக்கவில்லை. நெடுநேரம் மடக்கியிருந்ததில் இடது கால் விறைத்திருந்தது. நீட்டினேன். ட்ரெயிலர் மெல்ல அசைந்தது.

"நான்தான்" என்றேன். "அசைஞ்சது நான்தான்."

"ஓம்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீட்டும், நல்லா நீட்டும்."