சப்பாத்தும் சாவியும்: போர்த்துக்கல் மடாலயங்களில் ஒரு கிழமை

பூமியின் தென்கோடியில் நாங்கள் இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஜூன் மாதம் குளிர்காலம், காயப்போட்ட உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. அந்த ஜூனில்தான் லண்டனில் என் கணவரின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அவ்வளவு தூரம் போகிறோம், ஒரு கிழமை வேறெங்காவது போய் வருவோம் என்றார் கணவர். பாரிஸ் என்பார் என்று நினைத்தேன். போர்த்துக்கல் என்றார்.

"பறங்கியள் எங்கடை ஊரிலை கட்டின கோட்டையைப் பாத்துத்தான் வளந்தனாங்கள். தங்கடை ஊரிலை என்னத்தைக் கட்டினவங்கள் எண்டு பாப்பமே!"

அவர் கட்டடப் பொறியியலாளர். தூணே இல்லாத ஒரு கல் மண்டபம் அங்கே இருப்பதாகப் படித்த நாள்முதல் அவருக்கு அதே கதை. எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதித் தாருங்கோ என்று ஆகஸ்டில் கேட்டார்கள். நான் தருவது நவம்பரில். மன்னிக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பயணமே பயம். மகள் அபிக்கு மூன்று வயது. பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. பிளாஸ்டர், பிறகு சத்திரசிகிச்சை, அதன்பின் அளவெடுத்துச் செய்த விசேட சப்பாத்து. ஒரு சோடிதான். இன்னொன்று செய்ய ஆறு கிழமையாகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது காலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் பழையபடி திரும்பக்கூடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே கடவுச்சீட்டைவிட அந்தச் சப்பாத்தைத்தான் நான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

புறப்படுமுன் கிளென்ஃபீல்டில் தோழி வசந்தா வீட்டுக்குப் போனோம். அவர் மதுரைக்காரர், என் தமிழைக் கேட்டுச் சிரிப்பதில் அவருக்குத் தனி ஆனந்தம். "அபிக்குச் சப்பாத்து கழட்டக் கூடாது" என்று வாசலில் சொன்னேன்.

"சப்பாத்தியா? கழட்டாதீங்க, சுட்டுத் தர்றேன்!"

காரில் ஏறப்போகையில் திறப்பைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே தேடினேன். "என்ன திறப்பு விழா? சாவின்னு சொல்லுங்க, வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றார். "உங்கடை சாவி உங்களோடையே இருக்கட்டும்" என்றேன் நானும்.

லிஸ்பனில் இறங்கிய முதல் காலையே மனம் துள்ளத் தொடங்கியது. வெதுப்பகத்தில் "பாண்" என்று கேட்டேன், பாண் தந்தார்கள்! பறங்கியர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல்தானே. மூக்கால் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரோசியோ நிலையத்திலிருந்து சின்ட்ராவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். அரண்மனையின் சமையலறைக்கு மேல் இரண்டு வெள்ளைப் புகைபோக்கிகள், கவிழ்த்துவைத்த இரண்டு புனல்கள் மாதிரி. உள்ளே ஒரு மண்டபத்துக் கூரை முழுக்க அன்னங்கள். அபி அண்ணாந்து "டக்ஸ்!" என்றாள். மலையுச்சியில் இன்னொரு அரண்மனை, மஞ்சளும் சிவப்புமாக, பிறந்தநாள் கேக் மாதிரி. அங்கே போகும் பாதை செங்குத்து. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், டாக்சி பிடியுங்கள். நான் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

மூன்றாம் நாள் வடக்கே பட்டாலியா மடாலயம். தூணில்லாத மண்டபம் அங்கேதான். கூரை விழுந்துவிடும் என்று எல்லோரும் சொல்ல, கட்டியவர் அதன்கீழேயே படுத்து நித்திரை செய்து காட்டினாராம். என் கணவர் நிலத்தில் படுக்காததுதான் குறை. அண்ணாந்தபடியே ஒரு மணி நேரம் நின்றார். அங்குள்ள பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறைக்குக் காவல் நின்ற சிப்பாய்கூட ஒருமுறை மேலே பார்த்தான்.

அன்று மாலையே இருபது கிலோமீட்டர் தள்ளி அல்கொபாசாவுக்குப் போய்த் தங்கினோம். லிஸ்பனிலிருந்து நேரே வருவதென்றால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஏறக்குறைய நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். இருவருக்கும் எண்ணூறு எஸ்கூடோ, எங்கள் காசில் பத்து டொலருக்குக் கிட்ட.

அல்கொபாசா மடாலயத்துச் சமையலறையைப் பார்க்காமல் நாடு திரும்பாதீர்கள். நிலத்திலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு பதித்தது. நடுவிலிருக்கும் புகைபோக்கியின்கீழ் முழு மாடுகளையே சுடுவார்களாம். சைவக்காரியான நான் அதைக் கேட்டு இரண்டடி பின்னால் போனேன். எல்லாவற்றையும்விட அதிசயம், ஆற்றிலிருந்து வெட்டிவிட்ட வாய்க்கால் ஒன்று சமையலறைக்குள்ளேயே ஓடுகிறது. துறவிகள் பாத்திரம் கழுவவும் உயிர்மீன் வைத்திருக்கவும் செய்த ஏற்பாடு.

கணவர் தேவாலயத்துக் கூரையைப் பார்க்கப் போய்விட்டார். அபி தண்ணீரை அளைந்து காலுறையை நனைத்துவிட்டாள். மாற்றுவதற்காக வலது சப்பாத்தைக் கழற்றி ஓரக்கல்லில் வைத்துவிட்டுப் பையைத் திறந்தேன். உலர்ந்த காலுறை கையில் வந்தபோது கல் வெறுமையாக இருந்தது.

"ஷூ கான் சுவிமிங், அம்மா!" என்றாள் அபி, பெருமையோடு.

படகுபோல நிமிர்ந்து மிதந்து, சுவரின்கீழிருந்த துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் எட்டுவதற்குள் மறைந்துவிட்டது.

வாசலில் நுழைவுச்சீட்டு விற்ற பெண், நல்ல பருமனானவர், அப்போது விளக்குமாற்றோடு உள்ளே வந்தார். "ஷூ! ஷூ!" என்றேன். என்னைச் சமாதானப்படுத்த அவரும் "ஷூ, ஷூ" என்று முதுகைத் தடவினார். ஆங்கிலம் என்னைவிட்டுப் போயிற்று. "ஐயோ, பிள்ளையின்ரை சப்பாத்து! சப்பாத்து தண்ணிக்குள்ளை போயிட்டுது!"

அவர் கண் விரிந்தது. அபியின் வெறுங்காலைப் பார்த்தார். "சபாத்து?"

"ஓம்! சப்பாத்து!"

"ஜனேலா!" என்று கத்தியபடி ஓடினார். எனக்கு விளங்கிவிட்டது. யன்னல்! அபியைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். யன்னலுக்குக் கீழே, வெளிமுற்றத்தில், வாய்க்கால் வெளிப்படும் இடத்தில் சப்பாத்து ஒரு கிளையில் முட்டி ஆடிக்கொண்டு நின்றது. அதற்கப்பால் வாய்க்கால் ஆற்றை நோக்கி இறங்குகிறது. அவர் கம்பிக்கிடையில் விளக்குமாற்றை நீட்டிச் சப்பாத்தை அழுத்திப் பிடித்தார். மறுகையால் அபியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் முற்றத்துக் கதவு பூட்டியிருந்தது. காட்ட ஒரு கைகூட மிச்சமில்லாமல் என்னைப் பார்த்து, "ஷாவ்! ஷாவ்!" என்றார்.

நான் விழித்தேன். ஷாவ் என்று எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. விளக்குமாறு வழுக்கியது.

"ஷாவ்!"

அப்போது வசந்தாவின் குரல் காதுக்குள் கேட்டது, கிண்டலும் சிரிப்புமாக. சாவின்னு சொல்லுங்க!

சாவி! நுழைவுச்சீட்டு மேசைக்கு ஓடினேன். பின்னால் ஆணியில் கொத்தாகத் தொங்கியதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். எந்தச் சாவி என்று அவர் தலையை ஆட்டியாட்டிக் காட்ட, மூன்றாவது திறந்தது. முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கிச் சப்பாத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். யன்னலுக்குள்ளிருந்து அபியும் அந்தப் பெண்ணும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் வந்தார், கமராவும் அண்ணாந்து பிடித்துப்போன கழுத்துமாக. "இஞ்சாரும், அந்தக் கோயில் வளைவைப் பாத்தனீரே?" என்றவர் என் கோலத்தைக் கண்டு நிறுத்தினார். "என்னப்பா, குளிச்சனீரே?"

அந்தப் பெண் சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வை, வெயிலில் வைக்காதே என்று சைகையால் சொன்னார். நான் தந்த எஸ்கூடோவை வாங்கவில்லை. அபியின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டார்.

மறுநாள் சப்பாத்து காய்ந்துவிட்டது. ஓபிடுஸ் என்ற கோட்டை ஊருக்குப் போனோம். மதிலின் மேலே நடக்கலாம், ஆனால் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தாய்மாரே, கீழேயே நில்லுங்கள். கணவர் மட்டும் ஏறினார். கீழே கல் பாவிய தெருவில் அபி என் கையை உதறினாள். "நோ ஹோல்டிங்." முன்தினம் தொடக்கம் இறுக்கிப் பிடித்திருந்த கை அது. விட்டேன். வாசலிலிருந்து மறுகோடிவரை, வலது பாதம் நேராக விழ விழ, நடந்துபோனாள். நான் மூன்றடி பின்னால் குனிந்தபடி போனதை மதில்மேல் நின்று கணவர் படமெடுத்திருக்கிறார்.

திரும்பி வந்ததும் வைத்தியர் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்து, இந்த வெள்ளைக் கோடு என்ன என்று கேட்டார். மடாலயத்து ஆறு என்றேன். சிரித்துவிட்டு, கால் சரியாக வருகிறது, அடுத்த அளவு செய்யலாம் என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போர்த்துக்கல் விசாவை முன்கூட்டியே எடுங்கள். மத்தியானம் சில இடங்களைப் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். சைவச் சாப்பாட்டுக்கு மரக்கறி சூப்பும் பாணும் எங்கும் உண்டு, சூப்பில் இறைச்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இதையெல்லாம் வசந்தாவிடம் சொன்னபோது, "அப்போ உங்க சப்பாத்தைக் காப்பாத்தினது என் சாவி!" என்று அவர் கூத்தாடினார். மறுக்க முடியவில்லை. ஆகவே பிள்ளையோடு போகிறவர்கள் இரண்டு சோடிச் சப்பாத்து கொண்டுபோங்கள். ஒரு சோடிதான் உண்டென்றால், யாழ்ப்பாணத்துத் தமிழோடு கொஞ்சம் மதுரைத் தமிழும் கொண்டுபோங்கள்.