இரண்டாம் தடவை கேட்கவில்லை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருக்கிறேன். வாலிபத்தில் சேர்ந்தபோதும் அட்டெண்டர், தலை நரைத்த பிறகும் அட்டெண்டர். வீல்சேர் தள்ளுவேன், நோயாளிகளின் பழைய ஃபைல்களை டாக்டர் அறைக்குக் கொண்டுபோவேன். என் படிப்புக்கு இதற்கு மேல் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது ரெக்கார்டு ரூம் பொறுப்பு. அங்கே இருந்தவரும் என்னைப்போல் அட்டெண்டராக இருந்து போனவர்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலை. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சரிவுப் பாதையில் வீல்சேரை ஏற்றும்போது கண்ணில் நீர் வந்துவிடும். அவர் ஓய்வு பெறட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தேன்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். புது மானேஜர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். மருந்துக் கடை முன்னால் நாலு பேர் பார்க்க என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ரெக்கார்டு ரூமை நீங்க பாத்துக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்கு சார். படிச்ச பிள்ளைக யாருக்காவது குடுங்க."

எங்கள் பக்கம் யாரும் முதல் தடவையிலேயே சரி என்று சொல்வதில்லை. காப்பி கொடுத்தால்கூட, இப்பத்தான் குடிச்சேன் என்போம். சும்மா குடிங்க என்று அவர்கள் மறுபடி சொன்ன பிறகுதான் டம்ளரைத் தொடுவோம். நானும் அந்த இரண்டாம் தடவைக்காக நின்றேன்.

"சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"மொத தடவ வேண்டாம்னுதான சொல்லணும்."

"அது பந்தியில. ஆஸ்பத்திரியில எவன் உங்களுக்கு மறுசோறு கேப்பான்? காலையில போயி வேணும்னு சொல்லுங்க."

காலையில் மானேஜர் அறை வாசலில் நின்றேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் எழுந்து வந்து தோளில் கைபோட்டார்.

"படிச்ச பிள்ளைக்கு விட்டுக்குடுத்தீங்களே, எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். என்ன விஷயம்ணே?"

"ஒண்ணுமில்ல சார். ஃபேன் ஓடுதான்னு பாக்க வந்தேன்."

இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. பி.காம். படித்தவள், தங்கமான பிள்ளை. அவள் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை. நேற்று ஃபைல் வாங்கப் போனபோது, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க."

"இருக்கட்டும்மா."

"சும்மா உக்காருங்க. காலை நொண்டுதீங்கல்லா."

அவள் இரண்டாம் தடவை கேட்டாள். உட்கார்ந்தேன். பழையவர் மடித்துப் போட்ட துண்டு இன்னும் அதில் இருந்தது. முழங்காலுக்கு இதமாக இருந்தது. அதற்குள் வெளியிலிருந்து, வீல்சேர் என்று நர்ஸ் குரல் கேட்டது.

முதல் தடவையிலேயே, "வாரேன்" என்று எழுந்துவிட்டேன்.

புரட்டாசி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை.