ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கிய கலவரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவின் ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. துரைமார் வாயைத் திறந்தால் போதும், தமிழில் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

லண்டனிலிருந்து புதிதாக ஒரு சின்ன துரை வந்திருந்தார். ஒருநாள் காலை குளுவாங்குக்குப் புறப்பட்டவர், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, மத்தியான ரயிலில் ‘டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்’ வருகிறது, நாலு ஆள்களோடு ஸ்டேஷனுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

டிரபிள் என்றால் தொல்லை, ஸ்ட்ரைஃப் என்றால் சண்டை. வெளியாள்கள் கலகம் மூட்ட வருகிறார்கள் என்று முடிவுகட்டி, கங்காணியிடம் சொன்னேன். முந்தின வாரம்தான் பால் மரம் சீவும் தொழிலாளி ஒருவர், கூலி போதவில்லை என்று ஆபீஸ் வாசலில் நின்று பேசியிருந்தார்.

“அவன் கூப்புட்டுத்தான் வராங்க, கிராணியாரே. உள்ள புடிச்சுப் போட்டுருவோம்,” என்றார் கங்காணி.

நானும் தலையாட்டினேன். அந்த மனிதரை ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோரில் தள்ளிப் பூட்டினார்கள்.

தடியோடு நால்வரை நிறுத்திக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருந்தேன். ரயிலிலிருந்து இறங்கியது ஒரு துரைசானியும் மூன்று பெட்டிகளும்தான். தடிகளைப் பார்த்து மிரண்டவர், நான் உளறிக் கொட்டிய விளக்கத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். லண்டனில் அவர்கள் பக்கத்தில் ஒரு சொல்லுக்குப் பதிலாக அதோடு ஓசை ஒத்துப்போகும் தொடரைச் சொல்வார்களாம். வைஃப் என்பதற்கு ‘டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்’. துரையின் மனைவிதான் அந்தக் கலவரம்! பெட்டி தூக்கத்தான் நாலு ஆள். ஹெட் என்பதற்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’ என்று சொல்லி, போகப் போகப் பிரெட்டை விட்டுவிட்டு வெறும் லோஃப் ஆக்கிவிட்டார்களாம். மூளையைப் பயன்படுத்து என்பதற்கு ‘லோஃபைப் பயன்படுத்து’ என்று, காரணம் தெரியாதவர்கள்கூடப் பேசுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டோரில் கிடப்பவரின் நினைப்புதான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ரப்பர் புகை நாற்றத்தில், காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், வேட்டியெல்லாம் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க,” என்றார் அவர். “ஒங்களுக்கும் தெரியலன்னா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

மறுநாள் விடிகாலை, ஆள்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில், தோட்டத்தார் அத்தனை பேருக்கும் முன்னால் தப்பு என்னுடையது என்று சொன்னேன். கங்காணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதை நான் பொருட்படுத்தவில்லை.

இன்றைக்கும் புரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால், பேசுகிறவர் எவ்வளவு பெரிய துரையானாலும் நிறுத்திக் கேட்டுவிடுகிறேன். நான் கௌரவம் பார்த்தால் தண்ணீரில்லாமல் கிடக்கப்போவது வேறொருவர்.