பாலத்தில் ஒதுங்க ஓரிடம்

லாபிஸ் ஊர் வழியாக ஓடிய பழைய டீசல் ரயில் இஞ்சின் ஒன்றின் சிறு மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். அரிசி அளவு முகப்பு விளக்கைப் பொருத்தி சுவிட்சைத் தட்டினேன். வெளிச்சம் முகத்தில் விழுந்ததுதான் தாமதம், ஐம்பது வயது வீரனான நான் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டேன்.

அந்த விளக்கை நேருக்கு நேர் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. டவுனிலிருந்து எஸ்டேட் வீட்டுக்கு ரயில் பாலம்தான் குறுக்கு வழி. ஏறுமுன் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பது அப்பாவின் வழக்கம். அன்று வெயிலில் இரும்பு கொதித்ததால், காதை ஒரு சாண் மேலேயே நிறுத்திக் கேட்டார்.

"ஒண்ணும் வரல லா. வா."

பாதிப் பாலத்தில் இருக்கும்போது வந்தது. கட்டைகளுக்கு இடையே கீழே ஆறு தெரிந்தது. என் கால் நகரவில்லை. அப்பா என்னைச் சட்டையோடு தூக்கிக்கொண்டு, ஆள் ஒதுங்கி நிற்பதற்காகப் பாலத்தின் ஓரத்தில் இருந்த ஒரே பலகைத் தட்டுக்கு ஓடினார்.

"கண்ண மூடுடா!"

மூட மறந்துவிட்டேன். சூடான டீசல் காற்றும் துருப்பிடித்த கொக்கியும் மூக்கை உரசிப் போயின. அந்த இஞ்சின் முகத்தைச் செய்ய எனக்கு இன்றும் புகைப்படம் தேவையில்லை.

வண்டி போனபின், "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார் அப்பா.

"எனக்கு மூச்சே வரலப்பா."

இப்போது பாலத்தையும் செய்துவிட்டேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

"இஞ்சின்ல ஒரு ஆணி மாறினாலும் பிச்சு எறிவீங்க. நெஜப் பாலத்துல ஒதுங்க ஒரு எடந்தான்னு சொன்னீங்களே, இதுல ஏங்க பன்னெண்டு இருக்கு?"

"பசை காயட்டும். மிச்சத்த அப்புறம் ஒட்டணும்" என்றேன்.