வெள்ளிமலைக்கு ஒரு தனி மண்டலம்

ஊர்களைப் பிரித்து மண்டலங்களாகச் சேர்ப்பது எங்கள் புள்ளிவிவர வேலை; சேர்த்த கையோடு திட்டு வாங்குவதும் அதில் அடக்கம். அரசாங்க ஆபீசில் பேனா பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில், தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு மக்கள் போராடிய வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் இருந்தேன். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்தது ஒரு மண்டலம், அதற்கு ஒரே விளைச்சல் சராசரி. வறட்சி வந்தால் அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் விதை கொடுப்பார்கள்.

ஒரு விரல் தூரம்

வரைபடத்தில் வெள்ளிமலைக்கும் அடிவாரத்து ஊர்களுக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான். ஒன்றாகச் சேர்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதன் அழகை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வருஷம் மலையில் சாமை கருகிவிட்டது. அடிவாரத்தில் கிணறு இருந்ததால் பயிர் தப்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வறட்சியே இல்லை, ஆகவே விதையும் இல்லை. கேட்க இறங்கி வந்த மலை விவசாயி சடையன், வரைபடத்தில் மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார்.

"மேப்புல ஒரு வெரலுதாங்க. ஒருவாட்டி ஏறி வந்து பாருங்கம்மா."

ஏறிப் பார்த்தேன்

ஜீப்பில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். சடையனின் சாமைக் காட்டில் ஒரு கதிரைக் கசக்கினேன், வெறும் உமி. எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து, வரைபடத்தை முழங்காலில் விரித்து, மலை போகிற போக்கில் புதுக் கோடு போட்டேன். மலை ஊர்கள் தனி மண்டலம் என்று புதுப் பட்டியலும் எழுதினேன். மேலதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாளு. நீங்களே கடலூரு ஜில்லா ஆபீசுக்கு எடுத்துக்கினு போங்க. பஸ்ஸு ஓடலன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

புளியமரத்தில் விசாரணை

அவர் வாய் முகூர்த்தம், வெள்ளிக்கிழமை மறியல். தியாகதுருகம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நடந்தேன். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் மறித்தார். "இன்னாம்மா பையில?" பட்டியலை நீட்டினேன். மலைக்காரர்களைக் கீழே இருப்பவர்களோடு சேர்த்து எண்ணிவிட்டதையும், பிரித்துத் தரப் போவதையும் சொன்னேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கிளையை விலக்கினார்.

"வழி வுடுங்கடா. எங்களத் தனியா எண்ணுன்னுதான நாமளும் ரோட்டுல குந்திக்கினு கீறோம்."

கோணல் கோடு

அடுத்த மரம்வரை அவர் சைக்கிளிலேயே கொண்டுபோய் விட்டார். பிறகு மாட்டு வண்டி, அதற்கும் பிறகு பால் வண்டி. கடலூர் ஆபீஸ் கதவைச் சாத்தும் நேரத்தில், புடவையெல்லாம் புழுதியோடு போய் நின்றேன். பட்டியலில் முத்திரை விழுந்தபோது பெருமையாகத்தான் இருந்தது, இதை மறைப்பானேன்! அடுத்த மழைக்கு முன்னால் மலைக்குச் சாமை விதை போய்விட்டது. விதைத்து முடித்த பிறகு சடையன் ஆபீசுக்கு வந்து, புது வரைபடத்தைக் காட்டச் சொன்னார். என் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கோடு கோணலா கீதுங்க. ஆனா இதாம்மா எங்க மலை."

சர்வீஸ் முழுக்க ஸ்கேல் வைத்து நான் போட்ட கோடுகள் ஒன்றுகூட நினைவில்லை, இந்தக் கோணல் கோட்டைத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்னும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.